மூசாங் கடக்கும் பாலத்துக்கு யார் காசு?

போன ஆண்டு ஒரு துக்கத்துக்காகச் சிங்கப்பூரின் மண்டாய் தகனச்சாலைக்குப் போய்விட்டு, பொழுது சாயும் நேரத்தில் மாமாவின் வேனில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். சாலையோரம் ஏதோ கிடந்தது. “பூனையா?” என்று அத்தை எட்டிப் பார்த்தார். மாமா வேகத்தைக் குறைத்தார். பூனையில்லை. கூர்மூக்கு, கண்ணைச் சுற்றி முகமூடி போட்டதுபோல் கறுப்பு, உடம்பு நீளத்துக்கே ஒரு வால். மூசாங். தமிழில் மரநாய் என்போம். உயிரோடு இருக்கையில் அது கடந்துபோன இடத்தில் பாண்டான் இலை வாசம் அடிக்கும்; பக்கத்து வீட்டில் நாசி லெமாக் ஆக்குகிறார்கள் என்றுகூட நினைத்துவிடுவோம். அன்று வேன் கண்ணாடிகள் மூடியிருந்தன. எந்த வாசமும் வரவில்லை.

கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மாமா கேட்டார்: “இதுங்க ரோட்டைத் தாண்டறதுக்குன்னே ஒரு பாலம் கட்டியிருக்காங்களாமே, 16 மில்லியன் வெள்ளியாம். ஏம்ப்பா, அது நம்ம வரிக்காசுதானே?”

ஆமாம், நம் வரிக்காசுதான். ஏன் நம் காசு, அது நியாயமா என்றெல்லாம் வேனில் அரைகுறையாகச் சொல்லிச் சமாளித்தேன். இங்கே நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், சாலை ஒரு காட்டுக்கு என்ன செய்கிறது? வண்டி மோதி விலங்கு சாகிறது, அது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்று. சாலை ஒரு சுவர். சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் பயந்து பல விலங்குகள் அதன் பக்கமே வருவதில்லை. அந்தப் பக்கம் அந்தப் பக்கமாகவும், இந்தப் பக்கம் இந்தப் பக்கமாகவும் நின்றுவிடும். சின்னக் காட்டுக்குள் மாட்டிக்கொண்ட கூட்டம், சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பதுபோல், தலைமுறை தலைமுறையாகத் தனக்குள்ளேயே பெருக வேண்டியதுதான். ஒரு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். ஒரு மரம் காய்க்காவிட்டால் எல்லாம் பட்டினி.

சிங்கப்பூரில் நடந்தது இதேதான். புக்கிட் தீமா வனமும் மத்திய நீர்ப்பிடிப்பு வனமும் ஒரு காலத்தில் ஒரே காடு. 1986ல் புக்கிட் தீமா விரைவுச்சாலை இரண்டுக்கும் நடுவே புகுந்தது. நீர்ப்பிடிப்பு வனம் பெரியது, 2,000 ஹெக்டருக்கு மேல். ஆனால் புக்கிட் தீமா வனம் 163 ஹெக்டர்தான், ஏறத்தாழ இரண்டு பூமலை (தாவரவியல் பூங்கா) அளவு. ஆறு தடச் சாலையின் ஒரு பக்கம் அந்தத் துண்டு தனியாக நின்றுபோனது.

அந்தச் சாலையில் அதிகம் பேசப்பட்ட உயிர் அழுங்கு. எறும்புத்தின்னி என்றால் சட்டென்று புரியும். உடம்பெல்லாம் செதில், பல்லே கிடையாது, நீள நாக்கால் எறும்பையும் கரையானையும் நக்கித் தின்னும். ஆபத்து என்றால் ஓடாது. தலையை உள்ளே இழுத்து, வாலைச் சுற்றிக்கொண்டு பந்தாகிவிடும். புலியே வந்தாலும் அந்தப் பந்தைப் பிரிப்பது கஷ்டம். காலங்காலமாகக் கைகொடுத்த தந்திரம். நடுச்சாலையில் லாரி வெளிச்சத்தைப் பார்த்ததும் அழுங்கு அதே தந்திரத்தைத்தான் செய்கிறது. அங்கேயே நின்று பந்தாகிறது.

1994லிருந்து 2014 வரை இந்த விரைவுச்சாலைப் பக்கம் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு அழுங்குகள் அடிபட்டுச் செத்தன. “வெறும் இரண்டா?” என்று மாமாவும் கேட்டார். அழுங்கு ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் அது. அதில் ஆண்டுக்கு இரண்டு என்பது சின்னக் கணக்கில்லை. அதுவும் கண்ணில் பட்டவை மட்டும்தான் இந்த இரண்டில் சேரும். காட்டுக்குள் ஊர்ந்துபோய்ச் செத்ததை யார் எண்ணுவது?

இதற்கு மாற்றாக வந்ததுதான் மாமா சொன்ன பாலம். ‘ஈக்கோ-லிங்க்’ என்று பெயர். தேசியப் பூங்காக் கழகமும் நிலப் போக்குவரத்து ஆணையமும் சேர்ந்து செய்தது. 2011ல் வேலை தொடங்கி 2013ல் முடிந்தது. தென்கிழக்காசியாவில் இந்த மாதிரிப் பாலம் இதுதான் முதல். நீளம் 62 மீட்டர். மேலிருந்து பார்த்தால் உடுக்கை வடிவம்: இரண்டு முனையும் அகலம், நடுவில் ஒடுக்கம். ஒடுங்கிய இடத்திலும் 50 மீட்டர் அகலம் உண்டு. முனைகளை ஏன் அகலமாக விட்டார்கள் என்றால், காட்டுக்குள் எங்கெங்கோ அலையும் விலங்கு தற்செயலாகவாவது பாலத்தின் வாயில் வந்து விழ வேண்டுமே. வழிகாட்டிப் பலகை வைத்து அதைக் கூப்பிட முடியாது.

ஜோகூரிலிருந்து உட்லண்ட்ஸ் வழியாக வருகிறவர்கள் அதன் அடியில் எத்தனையோ தடவை போயிருப்பீர்கள். மணிக்கு 90 கிலோமீட்டரில் போனால் அந்த 50 மீட்டரைக் கடக்க இரண்டு விநாடி. கீழே இருந்து பார்த்தால் சாதாரண மேம்பாலம் மாதிரிதான் இருக்கும், ஓரத்தில் மட்டும் இலைகள் எட்டிப் பார்க்கும். மேலே போனால் கதை வேறு. ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஆழத்துக்கு மண் கொட்டி, 3,000க்கும் மேற்பட்ட உள்நாட்டு மரஞ்செடிகளை நட்டிருக்கிறார்கள். கடற்கரை மங்குஸ்தான், சிங்கப்பூர்க் கோப்சியா இப்படி. தொட்டியில் ரோஜா வைப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த மண்ணின் ஆழம்தான். மரம் வேர்விட வேண்டும், மழைநீர் தேங்காமல் வடிய வேண்டும், அத்தனை பாரத்தையும் கீழே உள்ள கான்கிரீட் தாங்க வேண்டும், இவ்வளவும் ஓடுகிற வண்டிகளுக்கு மேலே. செலவு அங்கேதான் ஏறுகிறது. தடுப்பும் அடர்ந்த செடியும் இல்லாவிட்டால் கீழே ஓடும் வண்டி வெளிச்சம் மேலே அடிக்கும். சருகுமான் மாதிரிக் கூச்சப் பிராணி ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பியே வராது. மக்கள் நடமாட்டத்துக்கும் அனுமதியில்லை. நம் வாசனையே அவற்றை விரட்டிவிடும்.

தானியங்கிக் கேமராக்கள் வைத்துப் பார்த்ததில் அழுங்கு, மூசாங், சருகுமான் எல்லாம் பாலத்தைப் பயன்படுத்துவது பதிவாகியிருக்கிறது.

எல்லாக் கடப்புக்கும் இவ்வளவு பெரிய பாலம் வேண்டியதில்லை. மரத்தைவிட்டு இறங்காத பிராணிக்கு ஒரு கயிறு போதும். பழைய அப்பர் தாம்சன் சாலையில் ராஃபிள்ஸ் பட்டை மந்திகளுக்காக 2020ல் கயிற்றுப் பாலங்கள் கட்டினார்கள். இந்த மந்தி சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவின் தெற்கிலும் மட்டும்தான் உண்டு. இங்கே இருப்பவை நூறுக்கும் குறைவு. (1960களில் கார்ப் பந்தயம் ஓடிய அதே சாலைதான் இது. பக்கத்தில் தாம்சன் இயற்கைப் பூங்கா வந்தபோது வண்டிகளுக்கு ஒரு தடத்தை மட்டும் விட்டு, மற்றதை நடைபாதையாக்கிவிட்டார்கள். பந்தயம் ஓட்டியவர்கள் இன்று வந்து பார்த்தால் நொந்துபோவார்கள்.) தமிழ்நாட்டில் வால்பாறைப் பக்கம் போனவர்கள் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய பட்டைகளைப் பார்த்திருக்கலாம். சோலைமந்திகளுக்காகப் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு செய்தவை அவை. வேலை ஒன்றுதான், விலைதான் மலைக்கும் மடுவுக்கும்.

சரி, காசுக்கு வருவோம்.

ஈக்கோ-லிங்க்குக்கு ஏறத்தாழ 16 மில்லியன் வெள்ளி செலவானது. அப்போதைய மக்கள்தொகை 5.4 மில்லியன். ஆளுக்கு மூன்று வெள்ளி. காப்பிக்கடையில் இரண்டு தே தாரிக். அதுவும் ஆண்டுக்கு ஆண்டு இல்லை, ஒரே தடவை. இந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்றால், ஒளிவுமறைவு ஏதுமில்லை. தேசியப் பூங்காக் கழகம் தேசிய வளர்ச்சி அமைச்சின் கீழ் இருக்கும் கழகம். நிலப் போக்குவரத்து ஆணையம் போக்குவரத்து அமைச்சின் கீழ். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி வாக்கில் நிதியமைச்சர் வரவுசெலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்கிறார், பிறகு ஒவ்வோர் அமைச்சின் செலவையும் நாடாளுமன்றம் தனித்தனியாக விவாதித்து ஒப்புதல் தருகிறது, ஏப்ரலில் புதிய நிதியாண்டு தொடங்குகிறது. நாம் கட்டும் பொருள் சேவை வரி, வருமான வரி எல்லாம் போய்ச் சேரும் அந்தப் பொதுப்பையிலிருந்துதான் பள்ளிக்கும் போகிறது, மருத்துவமனைக்கும் போகிறது, பாலத்துக்கும் போகிறது.

ஏன் அரசாங்கம்? ஒரு தனியார் நிறுவனம் கட்டினால் என்ன? மூசாங்கிடம் பஸ், ரயிலுக்குக் காசு கட்டும் ஈஸி-லிங்க் அட்டை கிடையாது என்பதுதான் முதல் பதில். யாரிடமும் கட்டணம் வாங்க முடியாத, எல்லோருக்கும் பொதுவான ஒன்றைச் சந்தை தானாகக் கட்டாது. தெருவிளக்கு மாதிரி.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் பதில் இன்னொன்று. சாலையைப் போட்டது அரசாங்கம். சாலை போட்ட செலவில் மண், தார், இரும்பு எல்லாம் கணக்கில் வந்தன. காடு இரண்டாகப் பிரிந்தது மட்டும் எந்தப் பற்றுச்சீட்டிலும் வரவில்லை. வராததால் செலவு இல்லாமல் போய்விடுமா? 27 ஆண்டு கழித்து வந்த பில்தான் அந்தப் பாலம். விலங்குகளுக்குச் செய்த தானம் என்று இதைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சாலைக் கணக்கில் விட்டுப்போன பாக்கி அது. பாக்கி என்று ஏற்றுக்கொண்டால் ‘அந்தக் காசில் எத்தனை லிப்ட் போடலாம்’ என்ற கேள்வி கொஞ்சம் மாறிவிடுகிறது. கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை.

மற்ற நாடுகள் இதே கேள்விக்கு வேறு மாதிரிப் பதில் சொல்கின்றன, அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை வண்டியும் விலங்கும் மோதுகின்றன. ஏறத்தாழ 200 மனிதர்கள் சாகிறார்கள். 2021ல் அவர்கள் நிறைவேற்றிய உள்கட்டமைப்புச் சட்டத்தில், விலங்குக் கடப்புகளுக்கென்றே ஐந்து ஆண்டுகளுக்கு 350 மில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். மாநிலங்களும் பழங்குடி அரசுகளும் திட்டம் எழுதிப் போட்டிபோட்டு வாங்க வேண்டும். 2023 டிசம்பரில் முதல் தவணையாக 17 மாநிலங்களில் 19 திட்டங்களுக்கு 110 மில்லியன் டாலர் போனது. அங்கே வாதம் சுலபம். ஒரு மான் மோதினால் வண்டிச் சேதம், மருத்துவச் செலவு எல்லாம் சேர்த்துச் சராசரியாக 19,000 டாலர் அளவுக்குப் போகும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குப் பத்து இருபது மோதலைத் தடுத்தாலே பாலம் தன் விலையைத் தானே எடுத்துவிடும். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலை நெடுக வேலியும், 6 மேல்பாலங்களும், 38 கீழ்வழிகளும் இருக்கின்றன. மோதல் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. வேலியைக் கவனியுங்கள். வேலியில்லாமல் பாலம் மட்டும் கட்டினால் பாதி விலங்குகள் பழைய இடத்திலேயே குறுக்கே ஓடும், நாம் மேம்பாலம் இருந்தும் சாலையைக் குறுக்கே தாண்டுவதுபோல. அங்கேயும் கரடிகள் பாலத்துக்குப் பழக ஆண்டுகள் ஆயின.

அந்த வாதத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் தோற்றுப்போவோம், அதை ஒப்புக்கொண்டாக வேண்டும். மூசாங் மோதிக் கார் சப்பளிவதில்லை. ஓட்டுநருக்குத் தெரியக்கூடத் தெரியாது. கடமானும் காட்டுப்பன்றியும் வேறு விஷயம். மண்டாய்ப் பக்கம் இரவில் மோட்டார்சைக்கிள் ஓட்டுகிறவருக்கு ஒரு கடமான் குறுக்கே வந்தால் அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் மிச்சமாகும் காப்பீட்டுப் பணத்தை வைத்து மட்டும் சிங்கப்பூரில் ஒரு பாலத்தை நியாயப்படுத்த முடியாது. இங்கே காசு கொடுப்பது ஓர் இனம் இந்தத் தீவிலிருந்து காணாமல் போகாமல் இருப்பதற்கு. அதற்கு விலைப்பட்டியல் இல்லை, அதனால்தான் நாடாளுமன்றத்தில் பேசித் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

எப்போதும் அரசாங்கம்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. கடப்பு தேவைப்படும்படி செய்தவரே கட்டட்டும் என்பது இன்னொரு வழி. மண்டாய் ஏரிச் சாலைக்கு மேலே இன்னொரு விலங்குப் பாலம் இருக்கிறது, 110 மீட்டர் நீளம், 2019 டிசம்பரில் திறந்தது. அதைக் கட்டியது அங்கே புதிய விலங்கியல் பூங்காக்களை உருவாக்கிய நிறுவனம். பூங்கா வந்தால் வண்டி கூடும், வண்டி கூடினால் சாலை கடக்கிறவை சாகும். ஆகவே திட்டத்தோடு பாலமும். இன்று பறவைச் சொர்க்கத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது தலைக்கு மேலே செடி தொங்கும் ஒரு பாலத்தின் அடியில் பேருந்து போகுமே, அதுதான். இந்த வழியில் பில் 27 ஆண்டு காத்திருப்பதில்லை.

முன்கூட்டியே யோசித்தால் பாலமே வேண்டாம் என்ற நிலையும் வரலாம். குறுக்குத் தீவு ரயில் பாதை மத்திய நீர்ப்பிடிப்பு வனத்தை எப்படிக் கடப்பது என்று பல ஆண்டு விவாதம் நடந்தது. வனத்தைச் சுற்றிப் போனால் ஏறத்தாழ 2 பில்லியன் வெள்ளி கூடுதல் செலவு, பயண நேரம் ஆறு நிமிடம் அதிகம். நேராகப் போனால் காட்டுக்கு அடியில். 2019 டிசம்பரில் நேர்வழியையே அரசாங்கம் தேர்ந்தெடுத்தது, ஆனால் தரைக்குக் கீழே 70 மீட்டர் ஆழத்தில். அது சரியான முடிவா என்று இயற்கை ஆர்வலர்களிடையே ஒரே கருத்து இருந்ததில்லை. தெங்கா நகரிலும் வீடு கட்டும் முன்பே 100 மீட்டர் அகலம், 5 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு காட்டு வழியை வரைபடத்தில் ஒதுக்கி வைத்தார்கள். அங்கே இருந்த காட்டை நேசித்தவர்களுக்கு அது போதவில்லை. ஆனாலும் நகரத்தை வரையும் பென்சிலிலேயே காட்டு வழியையும் வரைவது, பிறகு விரைவுச்சாலைக்கு மேலே மண் கொட்டுவதைவிட மலிவு.

பாலத்தைக் கட்டி நாடா வெட்டியதோடு செலவு முடிவதுமில்லை. கேமரா பேட்டரி மாற்ற வேண்டும், படர்கொடி மற்றதை மூடாமல் பார்க்க வேண்டும், எந்த விலங்கு வந்தது எது வரவில்லை என்று ஆண்டுக்கணக்கில் கணக்கு வைக்க வேண்டும். பொதுப்பணம் என்றால் இந்தச் சில்லறை வேலைக்கும் சேர்த்துத்தான். அது செய்தித்தாளில் வராத பணம்.

ஓட்டுகிறவர்கள் பங்கு ஒன்று இருக்கிறது. மனுநீதிச் சோழன் கதையில் தேர்ச்சக்கரத்தில் கன்று சிக்கியதும் தாய்ப்பசு போய் ஆராய்ச்சிமணியை அடித்தது. சிங்கப்பூர்ச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் வெகுகாலம் அந்தக் கன்றோடு நின்றிருந்தது: ஓட்டுநர் மோதினால் நின்றாக வேண்டிய விலங்குகள் என்று அதில் இருந்த பட்டியலில் குதிரை, மாடு, கழுதை, ஆடு, பன்றி, நாய் எல்லாம் உண்டு. பூனை இல்லை, மூசாங் இல்லை, அழுங்கு இல்லை. 2021ல் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது. இப்போது எந்த விலங்காக இருந்தாலும், அதற்குச் சொந்தக்காரர் இருக்கலாம் என்றோ, அது சாலையில் கிடந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து என்றோ நினைக்கக் காரணம் இருந்தால் வண்டியை நிறுத்தியாக வேண்டும். இன்னொரு சட்டம், 2020லிருந்து நடப்பில் இருப்பது: காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம். காருக்குள்ளிருந்து ரொட்டி நீட்டுகிறவர்கள் இதைப் பாவபுண்ணியக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். கார் என்றால் சாப்பாடு என்று குரங்குக்குக் கற்றுக்கொடுத்தால் அது அடுத்த காரின் முன்னாலும் வந்து நிற்கும்.

அடிபட்ட விலங்கைப் பார்த்தால் தொட வேண்டாம், பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தித் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி நிலையத்தைக் கூப்பிடுங்கள்: 1800-476-1600. அன்று வேனில் இந்த எண்ணை நான் சொல்லச் சொல்ல, சிவப்பு விளக்கில் நின்ற நேரத்தில் மாமா கைப்பேசியை அத்தையிடம் கொடுத்துப் பதியச் சொன்னார். என்ன பெயரில் போடுவது என்று அத்தை கேட்டார்.

“மூசாங்னு போடு.”